சிவப்பு வண்டிக்கு மூச்சுக்குழாய்

அத்தியாயம் 11

போன வாரம் சிவப்பு வண்டியை வாசலில் விட்டுவிட்டு, அம்மாவையும் அப்பாவையும் ஆளுக்கொரு அறையில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால் வண்டி அதே இடத்தில்தான் நிற்கிறது. அவர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

இன்றோடு பத்தொன்பது நாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் ஓட்டும்போது முள் நாற்பதைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பிறக்கவே இல்லை என்று சொன்னாலும் சரிதான். அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பழைய பந்தய ரக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே கதவு, பின்னால் சின்னதாக ஒரு இறக்கை, சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு.

எதற்கு என்று அம்மா கேட்டாள். "சும்மாதான்" என்றார் அவர்.

இருபத்தொன்பது வருஷம் கூடவே வாழ்ந்த பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாத பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அம்மா ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். காரணம் இல்லாமல் ஒரு கத்தரிக்கோலைக்கூட நகர்த்தாதவள். அன்றைக்கு வாயை மூடியவள்தான், அவரிடம் மறுபடி திறக்கவில்லை. அந்த வண்டியில் காலும் வைக்கவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் பொடிசு. இருபத்தாறு வயதாகிறது, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பிரிவில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறாள், இருந்தாலும் வீட்டில் அவள் இன்னும் பொடிசுதான். இந்தப் பத்தொன்பது நாளில் அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் வந்து சேர்ந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி சுட்டாச்சு." "உங்கம்மாகிட்ட கேளு, என் சட்டை எங்கே." இரண்டு பேரும் ஒரே மேஜையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சேதி மட்டும் பொடிசு வழியாகத்தான் போய் வரும்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், அவள் கைப்பையின் உள்ஜிப்பில் அந்தக் கடிதம் இல்லாமல் இருந்திருந்தால்.

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. துறைமுக ஊரில் கம்பெனி புதிதாக லென்ஸ் பட்டறை திறக்கிறது. அதை நடத்த அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆறு மணி நேரப் பயணம். முதல் பக்கத்தை அவள் முப்பது தடவை படித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பொங்கும், அடுத்த நொடியே சுருங்கிவிடும். சேதி கொண்டுபோகிறவள் போய்விட்டால் இந்த வீடு ஊமையாகிவிடாதா? திங்கட்கிழமை மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் கடிதத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிடுவாள். பேசாவிட்டால் போகப்போவதில்லை. அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

அப்பா அதைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வாசலில் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனார். உள்ளே ஒரு வளைந்த அலுமினியக் குழாய், கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டர், இரண்டு ரப்பர் இணைப்பு, நாலு கிளாம்ப், வெப்பத்தைத் தடுக்க ஒரு தகரம். ஆறு பாஷையில் செய்முறை போட்டிருந்தது. அதிலிருந்த படம் வேறு ஏதோ வண்டியுடையது. இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்கியிருக்கிறார் என்பது போல்ட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்று குறைந்தது.

"இதைப் போட்டா என்னப்பா ஆகும்?"

"வண்டி நல்லா மூச்சு விடும்."

"இப்ப விடலையா?"

"விடுது. சளி பிடிச்ச மாதிரி விடுது."

வேகம் எவ்வளவு கூடும் என்று அவள் கேட்டாள். பெரிதாக ஒன்றும் கூடாது, சத்தம்தான் கூடும், இருந்தாலும் மொத்தத்தில் ஒரு கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். எதில் கால் மணி நேரம் என்று கேட்டதற்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் வண்டிக்குள்ளேயே வாழ்ந்த மனிதர், பானெட்டைத் திறந்தது தண்ணீர் ஊற்ற மட்டும்தான். அதனால் போனில் வீடியோவை ஓடவிட்டு, பொடிசைக் கையுதவிக்கு வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

அம்மா இதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் மாடிப்படிக் கைப்பிடியில் மடித்த பச்சைத் துணிகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய விரிப்பை வெட்டித் தைத்தவை. "அஞ்சு துணி. போனபடியே அஞ்சும் திரும்பி வரணும்னு சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, முதல் மாடி பால்கனியில் படுக்கை விரிப்பு உலர்த்தப் போனாள். ஒரே விரிப்பு. அதை மூன்று தடவை உதறிப் போட்டாள். இதற்குமேல் ஒரு பெண் எப்படித்தான் வேடிக்கை பார்க்காமல் இருப்பது?

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பிறகு காற்றை அளக்கும் சென்சாரின் பிளக். பிறகு பழைய கறுப்புப் பெட்டி. மூன்று போல்ட் சாதுவாகக் கழன்றன. நாலாவது பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அப்பாவின் கை நுழையவில்லை. லென்ஸ் தேய்த்துப் பழகிய பொடிசின் ஒல்லிக் கை உள்ளே போய், பார்க்காமலே தடவித் தடவிக் கழற்றிக்கொண்டு வந்தது. "இவளுக்கு விரல்லயே கண்ணு" என்று அப்பா ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். அது பால்கனிக்குப் போக வேண்டிய சேதி என்பது அவளுக்குப் புரிந்தது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கேட்டிருக்கும்.

பெட்டியை எடுத்ததும் இன்ஜின் காற்றை இழுக்கிற வாய் ஆவென்று திறந்துகொண்டு நின்றது. சென்சாரைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதுக் குழாயில் மாட்டும்போது கடுகு மாதிரி ஒரு ஸ்க்ரூ நழுவி எங்கோ விழுந்தது. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். அதே நேரம் மேலேயிருந்து குரல் வந்தது. மணி ஒன்றரை ஆகிறது, சாப்பாடு ஆறிப்போகிறது, சொல்லு.

அந்த வீட்டில் திறந்த வாய் எதுவும் திறந்தபடி இருக்கக்கூடாது. தண்ணீர்க் குடமோ, ஜாம் பாட்டிலோ, எதுவானாலும் உடனே ஒரு துணியால் மூடியாக வேண்டும். அம்மா தியேட்டரில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் போட்ட சட்டம் அது. பொடிசு அதிலேயே வளர்ந்தவள். "இதோ வரோம்மா" என்று நிமிர்ந்து பதில் சொல்லிக்கொண்டே அவள் கை ஒரு வேலை செய்தது. ஒரு பச்சைத் துணியை எடுத்து, மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகி, அந்த வாயில் வைத்து அழுத்தியது. தான் செய்ததை அவளே கவனிக்கவில்லை. நாம் கவனித்து வைத்துக்கொள்வோம்.

சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஸ்க்ரூ அப்பாவின் செருப்புக்கு அடியிலேயே கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்பா தலைகால் புரியாமல் ரப்பர் இணைப்பைத் தூக்கி இன்ஜின் வாயில் மாட்டி, கிளாம்பை இறுக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. குழாய் உட்கார்ந்தது, கூம்பு உட்கார்ந்தது. குறைந்த போல்ட்டுக்குப் பழைய பெட்டியின் போல்ட்டே பொருந்திவிட்டது. கடைசியில் பேட்டரி வயர்.

பானெட்டுக்குள் அந்தச் சிவப்புக் கூம்பைப் பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. அப்பா நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். அறுபது வயசு முகத்தில் ஆறு வயசுச் சிரிப்பு. பொடிசுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு தடவை விக்கியது. பெரிதாக மூச்சை இழுத்தது. அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி திருப்பினார். அதே விக்கல். மூன்றாம் தடவை விக்கக்கூட இல்லை.

அப்பாவின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். "கெடுத்துட்டேன்" என்றார் மெதுவாக. "இன்னைக்குன்னு பார்த்துக் கெடுத்துட்டேன்." இன்றைக்கு அப்படி என்ன என்று பொடிசுக்குப் புரியவில்லை. கேட்கிற மாதிரியும் அவர் இல்லை.

அப்போது பால்கனியிலிருந்து, நிதானமாக, தியேட்டரில் பேசுகிற அதே குரலில் வந்தது. "போனது அஞ்சு. சுவத்துமேல ரெண்டு, அவர் தோள்ல ஒண்ணு, உன் இடுப்புல ஒண்ணு. இன்னொண்ணு எங்கேன்னு கேளு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, இது ஆபரேஷன் இல்ல, வண்டி வேலைன்னு."

மேலே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். பத்தொன்பது நாளாக அந்த வண்டியின் பக்கம் திரும்பாதவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் நீளமான இடுக்கியோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் கழித்த இடுக்கி அது. சமையலறையில் அலமாரிக்குப் பின்னால் விழுந்ததை எடுப்பதற்கென்றே வைத்திருக்கிறாள்.

கணக்கு சரியாகாமல் யாரும் தையல் போட முடியாது, அதனால் மாட்டியதைக் கழற்றச் சொல்லு என்றாள். பொடிசு சேதியைச் சொல்வதற்குள் அப்பா கிளாம்பைத் தளர்த்திவிட்டார்.

ரப்பர் இணைப்பு விலகியது. அம்மா குனிந்து பார்த்தாள். இடுக்கியை உள்ளே விட்டு, ஒரு பிடி பிடித்து, பதமாக வெளியே இழுத்தாள். பச்சைத் துணி வந்தது. மூன்று மடிப்பு, நுனி உள்ளே செருகியது, துளி கலையவில்லை.

பொடிசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மடிப்பு அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் வெச்சேன். என் தப்புதான்னு சொல்லு."

அம்மா துணியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு பத்தொன்பது நாளில் முதல் தடவையாக நேராக அவரைப் பார்த்தாள்.

"நீங்களா? இருபத்தொம்பது வருஷத்துல ஒரு கைக்குட்டை மடிச்சிருக்கீங்களா நீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்பாவுக்கும் உறைத்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அப்பாதான் சிரித்தார், அசடு வழிய. அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. இடுக்கியும் துணியுமாக வண்டிமேல் சாய்ந்துகொண்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொடிசுக்கும் வந்தது. அது சிரித்து வந்த நீர் மட்டும் இல்லை.

"அம்மா, நான்தான் மூடினேன். தெரியாமலே செஞ்சுட்டேன்."

"தெரியாமலே செஞ்சாலும் மடிப்பு சுத்தமா இருக்கு" என்றாள் அம்மா. அது திட்டா, பாராட்டா என்று கடைசிவரை தெரியவில்லை.

மறுபடி மாட்டினார்கள். இந்தத் தடவை அம்மா பக்கத்திலேயே நின்று துணியை எண்ணினாள். ஐந்து. ஸ்பேனரை எண்ணினாள். அப்பாவின் விரலையும் எண்ணியிருப்பாள், அவர் கையை இழுத்துக்கொண்டார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. பழைய உறுமல் இல்லை அது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உஸ்ஸென்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, கனமாக விட்டது. மலிவுச் சாமான் இப்படிக்கூடப் பாடுமா என்று பொடிசுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அம்மா கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, என்னதான் பாடுது பார்ப்போம் என்றாள்.

பொடிசு கைப்பையோடு பின்சீட்டில் முழங்காலை மடக்கித் தன்னைத் திணித்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார், தெருவுக்கு வந்தார். முள் முப்பத்தைந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார்.

"இந்த வேகத்துக்கா குழாய் மாத்தினீங்க?" என்றாள் அம்மா.

"பழகணும்ல" என்றார் அப்பா. மறுபடி மணி பார்த்தார்.

ஏரிக்கரைச் சாலையை ஒரு சுற்று சுற்றினார்கள். ஜன்னல் வழியே காற்று அடித்தது. முன்சீட்டில் இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு, பத்தொன்பது நாள் பாக்கியையும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருப்பவளை யாரும் எதுவும் சொல்லு என்று கேட்கவில்லை. வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் பொடிசு ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்போது அம்மா திரும்பாமலே சொன்னாள். "துணி கணக்கு சரியாப்போச்சு. உன் கணக்குல இன்னும் ஒண்ணு உள்ளேயே இருக்கு. மூணு வாரமா குளிக்கப் போனாக்கூட அந்தப் பையைத் தூக்கிட்டுப் போறே. எடு வெளிய."

பொடிசு ஜிப்பைத் திறந்தாள். கடிதத்தை முன்னால் நீட்டினாள்.

அம்மா மனசுக்குள்ளேயே படித்தாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அவள் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்?

"மூணு பக்கம்னு போட்டிருக்கு. ரெண்டுதான் இருக்கு" என்றாள் அம்மா. பொடிசு பையைக் கவிழ்த்துத் தேடினாள், இல்லை. முப்பது தடவை படித்தவள் ஒரு தடவைகூடப் பக்கத்தை எண்ணவில்லை. இவள் அம்மாவுக்குப் பிறந்த பெண்தானா?

அம்மா பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு தூரம் இருக்கும் இது?"

"முந்நூத்தி நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்" என்றார் அப்பா.

அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். எந்த ஊர் என்று இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

அப்பா இண்டிகேட்டர் போட்டார், ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் இருந்த டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார், காணாமல் போன மூன்றாம் பக்கம். கடிதம் வந்த அன்று மேஜைக்கு அடியில் கிடந்ததாம். நீயாகச் சொல்லுவாய் என்று காத்திருந்தேன் என்றார் கண்ணாடி வழியாக. கற்றுக்கொள்கிறவர்கள் தாமாகப் பார்க்கும்வரை அவர் வாயைத் திறக்கமாட்டார், அது முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. அம்மா அதை வாய்விட்டுப் படித்தாள்.

"நாற்பதில் போனால் எட்டரை மணி. சிவப்பு வண்டி கிடைத்தால் ஆறு. புதுக் குழாய் போட்டால் ஐந்தே முக்கால். ஞாயிறு காலை கிளம்பினால் மத்தியானம் பிள்ளையைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு. ஆள் ஒன்று."

அப்புறமாகச் சேர்த்திருந்த கடைசி இரண்டு வார்த்தையில் அம்மாவின் குரல் உடைந்தது. பொடிசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சும்மாதான் என்று சொன்னாரே, அந்தச் சும்மா இதுதானா?

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அம்மா.

"அவ சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கொண்டையில் செருகியிருந்த டியூட்டிப் பேனாவை எடுத்து, தாளில் ஒரு இடத்தில் அடித்து, பக்கத்தில் எழுதினாள். "கணக்கு தப்பு. ஆள் ரெண்டு."

பிறகு தாளைத் திருப்பினாள். முன்பக்கம் சம்மதப் படிவம். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். திங்கட்கிழமையாவது ஒன்றாவது! கையெழுத்துப் போட்டு, தலைமை அலுவலகத்தில், நேரில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணி.

மணி நாலு இருபது. தலைமை அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில், நாற்பதில் போனால் ஒரு மணி நேரம்.

"காலையிலேருந்து சொல்ல வந்துட்டேதான் இருக்கேன்" என்றார் அப்பா பரிதாபமாக. "வண்டி ரெடியானதும் சொல்லலாம்னு இருந்தேன். அது நின்னுபோச்சு. அப்புறம் இவ பேசிட்டா. அந்தச் சந்தோஷத்துல…"

அம்மா அவரை முடிக்க விடவில்லை. பேனாவையும் தாளையும் பின்னால் நீட்டினாள். "போறியா?"

அவ்வளவுதான் கேட்டாள். பொடிசு வாங்கிக்கொண்டாள். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து, பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா முன்னால் திரும்பினாள். "என்னங்க, இந்த ரோட்டுல எவ்வளவு போகலாம்னு போட்டிருக்கு?"

"எம்பது."

"அப்ப எடுங்க."

அப்பா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சிவப்பு வண்டி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு சாலையில் ஏறியது. முள் முப்பது, முப்பத்தைந்து என்று ஏறி நாற்பதைத் தொட்டது. முப்பத்தொரு வருஷம் நின்று பழகிய இடம், அங்கே ஒரு கணம் தயங்கியது.

அம்மா கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள். முள் நாற்பதைத் தாண்டியது.